சிறுநீரக நோயும் நீங்கா நமைச்சலும்



விழா நாளில் நோயைப் பற்றிய உரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், வாரத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோ வீட்டில் ஒருவரை அழைத்துக்கொண்டு டயாலிசிஸ் நிலையத்துக்குச் சென்று வரும் குடும்பங்கள் இன்று எல்லா ஊர்களிலும் உள்ளன. அத்தகைய வீடுகள் பலவற்றில் விளக்கணைந்த பின் ஓர் ஓசை கேட்கும்; நகம் தோலைத் தேய்க்கும் ஓசை. பகலெல்லாம் பொறுத்துக்கொண்டவர் இரவில் பொறுக்க இயலாமல் சொறிகிறார். அருகில் படுத்திருப்பவரும் உறங்குவதில்லை. மறுநாள் மருத்துவரிடம் இரத்த அழுத்தம் பேசப்படுகிறது, எடை பேசப்படுகிறது, கிரியாட்டினின் அளவு பேசப்படுகிறது. இரவு முழுதும் சொறிந்த செய்தி மட்டும் பேசப்படுவதில்லை. அது நோயின் ஒரு பகுதி என்று நோயாளரே கருதாததுதான் காரணம். ‘தோல் அரிப்புத்தானே’ என்ற ஒரு சொல்லுக்குள் அத்தனை துன்பமும் அடங்கிவிடுகிறது. அந்தத் ‘தானே’ என்பதை நீக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

இவ்வுணர்ச்சியைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. நமைச்சல், அரிப்பு, தினவு, ஊறல் என்பன மக்கள் வழக்கில் இன்றும் வாழ்கின்றன. அவற்றுள் தினவு என்பதற்குச் சற்றுப் பெருமையும் உண்டு. போருக்குத் துடிக்கும் தோளைத் தினவெடுத்த தோள் என்பர். அரிப்பு என்னும் சொல்லோ வேறு வகையானது. ஆறு கரையை அரிக்கிறது. கரையான் மரத்தை அரிக்கிறது. சிறிது சிறிதாக, ஓயாமல், வெளியே தெரியாமல் தேய்த்தழிக்கும் செயலைக் குறிக்கும் வினை அது. சிறுநீரக நோயாளர் படும் துன்பத்துக்கு இச்சொல்லே மிகப் பொருந்தும்.

சொறியும் விருப்பை எழுப்பும் இனிமையற்ற உணர்ச்சியே நமைச்சல் என்று 1660ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹாபன்ரெஃபர் வரையறை செய்தார். மூன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் மருத்துவ நூல்கள் அவ்வரையறையையே எடுத்தாள்கின்றன. வலியும் நமைச்சலும் உடன்பிறந்தவை போலத் தோன்றினும் இயல்பால் வேறானவை. வலித்தால் கை விலகுகிறது. நமைத்தால் கை அவ்விடத்தை நாடிச் செல்கிறது. நெடுங்காலம் நமைச்சலை மெலிந்த வலி என்றே அறிஞர் கருதி வந்தனர். 1997இல் மார்ட்டின் ஷ்மெல்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் மனிதத் தோலில் நமைச்சலை ஏந்திச் செல்லும் தனி நரம்பிழைகளைக் கண்டறிந்தனர். அது வலியின் நிழலன்று, தனக்கெனத் தனி வழி உடையது என்பது அப்போதுதான் வலுப்பெற்றது. இச்செய்தி இங்கு வேண்டுவது எதற்கெனில், தோலில் யாதொரு கேடும் இல்லாதபோதும் அந்த நரம்பு வழியில் கோளாறு நேருமாயின் தோல் நமைக்கும் என்பதற்காகவே. சிறுநீரக நோயாளரின் நமைச்சலை விளங்கிக்கொள்ள இதுவே முதற்படி.

இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தைக் குருதியிலிருந்து வடித்து, அதில் மிகப் பெரும்பகுதியை மீண்டும் உடலுக்கே தந்து, எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. ஓய்வறியாப் பணி அது. வாரத்துக்கு 168 மணி நேரம். அவை செயலிழந்தபின் அப்பணியை ஏற்கும் எந்திரம், ஒரு முறைக்கு 4 மணி நேரமாக வாரம் 3 முறை இயங்கினாலும், 12 மணி நேரமே உழைக்கிறது. செலவும் தொலைவும் கருதி வாரம் இரு முறையோடு நிறுத்திக்கொள்வோர் நம் நாட்டில் பலர். அவர்களுக்கு அது 8 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. 168 எங்கே, 8 எங்கே?

டயாலிசிஸ் என்பதற்குப் பாடநூல்கள் கூழ்மப் பிரிப்பு என்று பெயர் சூட்டியிருக்கின்றன. ஆக்கம் நன்றே, ஆனால் எந்த நோயாளரும் கூழ்மப் பிரிப்புக்குப் போய் வந்ததாகச் சொல்லக் கேட்டதில்லை. ஆகவே இவ்வுரையும் மக்கள் வாய்ச்சொல்லையே கொள்கிறது. நெதர்லாந்தில் கம்பென் நகரத்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப், உலகப் போரின் நடுவே 1943இல், செல்லோஃபேன் குழாயை உருளையில் சுற்றி மனிதக் குருதியைத் தூய்மை செய்தார். 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையில் நிலையாக இருக்கும் குழாயிணைப்பை அமைத்த பின்னரே ஒருவருக்கே ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்தல் கைகூடியது. முன்னர்ச் சில வாரங்களில் முடிந்துவிட்ட வாழ்வு பத்தாண்டு, இருபதாண்டு என நீண்டது. வாழ்வு நீண்டபோது, அதனோடு சேர்ந்து நீளும் துன்பங்களும் கண்ணுக்குத் தெரியலாயின. அவற்றுள் முன்வரிசையில் நிற்பது இந்த நமைச்சல்.

‘உப்பு ஏறிவிட்டது, அதனால் உடம்பு அரிக்கிறது’ என்பது வீடுகளில் சொல்லப்படும் விளக்கம். உப்பு என்று மக்கள் குறிப்பது யூரியாவையும் கிரியாட்டினினையுமே. மருத்துவ உலகமும் நெடுங்காலம் ஏறத்தாழ இப்படித்தான் கருதியது. யூரியாவின் பெயராலேயே இந்நமைச்சலை வழங்கியும் வந்தது. ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்து ஓரிரு நாளில் யூரியா மலையென ஏறியவர்களுக்கு இத்தகைய நமைச்சல் அரிதாகவே காணப்படுகிறது. அதேபோல, டயாலிசிஸில் யூரியா நன்கு குறைந்தவர் பலர் நமைச்சலால் துடிக்கின்றனர். இன்னும் ஒரு வியப்பு உண்டு. உலர்ந்த தோலுக்கென மருந்துக் கடையில் விற்கும் களிம்புகள் சிலவற்றில் சேர்க்கப்படும் பொருளே யூரியாதான். அது தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஆக, யூரியா குற்றவாளி அன்று. அது கூட்டத்தில் எளிதில் அகப்படும் ஓர் ஆள். உண்மையான குற்றவாளிகள் பலர். அவர்களுள் சிலர் இன்னும் அகப்படவில்லை.

எந்திரத்தின் இயல்பை நோக்கினால் இது புலனாகும். டயாலிசிஸ் சவ்வு மிக நுண்ணிய துளைகள் உடையது. யூரியா போன்ற சிறு மூலக்கூறுகள் அத்துளைகளின் வழியே எளிதில் வெளியேறுகின்றன. சற்றுப் பெரியவை மெல்ல வெளியேறுகின்றன. குருதியிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் கழிவுகளோ மிகக் குறைவாகவே நீங்குகின்றன. குருதி ஆய்வுத் தாளில் யூரியா நன்றாகக் குறைந்திருக்க, தாளில் இடம்பெறாத கழிவுகள் உடலிலேயே தங்கியிருக்கலாம். ‘ரிப்போர்ட் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகேன் அரிப்பு’ என்று நோயாளரைக் கடிந்துகொள்ளும் உறவினர் இதை அறிந்திருத்தல் நலம்.

இந்நமைச்சலுக்கெனச் சில அடையாளங்கள் உள்ளன. பெரும்பாலும் உடலின் இருபுறமும் ஒத்த இடங்களில் தோன்றும். முதுகு, கைகள், தலை, வயிறு எனப் பரவும். சிலருக்கு உடல் முழுதும் இருக்கும். இரவில் மிகும். வெப்பமும் புழுக்கமும் அதனைக் கூட்டும். கோடையில் மின்தடை நேர்ந்த இரவு எப்படிக் கழியும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தொடக்கத்தில் தோலில் தடிப்போ கொப்புளமோ காணப்படுவதில்லை. பின்னர்க் காணப்படும் கீறல், புண், கருமை, கடினமான முடிச்சு ஆகியவை யாவும் சொறிந்ததால் விளைந்தவை. இதற்குச் சான்று முதுகிலேயே இருக்கிறது. கை எட்டும் தோள்பட்டையும் இடுப்பும் கீறலும் கருமையுமாக இருக்க, கை எட்டாத நடுமுதுகு மட்டும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த வடிவில் தெளிவாக இருப்பதை மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். நோய் தோலில் பிறந்திருந்தால் நடுமுதுகை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

இந்த உண்மையை வீட்டார் அறியாமையால் விளையும் கேடு சிறிதன்று. தோலில் புண்ணைக் கண்டவுடன் தொற்றுநோய் என்று அஞ்சித் துண்டையும் தலையணையையும் தனியே ஒதுக்கும் வீடுகள் உள்ளன. பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாத்தா தயங்குகிறார். சிறுநீரகக் கோளாற்றால் வரும் நமைச்சல் எவருக்கும் தொற்றாது. எனினும் ஒரு விலக்கு உண்டு. வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்புத் தொடங்கினாலோ, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு பொரிகள் தோன்றினாலோ, அது நுண்ணிய பூச்சியால் வரும் சிரங்காக இருக்கக்கூடும். அதற்கு மருத்துவம் வேறு. அனைவரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும். கல்லீரல் நோய், தைராய்டுக் குறை, இரும்புச்சத்துக் குறை, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவையும் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு நமைச்சலைத் தரலாம். ஊசி குத்தும் இடத்தில் ஒட்டும் பிளாஸ்திரியோ கிருமிநீக்கி மருந்தோ ஒவ்வாமல் போவதும் உண்டு. அப்போது அந்த இடம் மட்டும் சிவந்து நமைக்கும். இவற்றையெல்லாம் பிரித்தறிவது மருத்துவர் பணி. எல்லா அரிப்பையும் சிறுநீரகத்தின் தலையில் கட்டிவிடுவதும் தவறே.

இனி, காரணங்கள். முதலாவது, தோலின் வறட்சி. டயாலிசிஸ் செய்துகொள்வோரில் மிகப் பலருக்கு வியர்வைச் சுரப்பிகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் சுருங்கிவிடுகின்றன. மேல்தோல் நீரைத் தக்கவைக்கும் ஆற்றலை இழக்கிறது. ஆயினும் வறட்சி மட்டுமே முழுக் காரணம் ஆகாது. வறண்ட தோல் உடையோர் அனைவரும் நமைச்சலால் வருந்துவதில்லை. காய்ந்த புல்வெளியில் தீ எளிதில் பற்றும். காய்ந்ததே தீ ஆகிவிடாது.

இரண்டாவது, பாஸ்பரஸ். எலும்புக்கு உறுதி தரும் இத்தாது மிகுந்தால் அதனை வெளியேற்றுவது சிறுநீரகம். அது செயலிழந்தபின் குருதியில் பாஸ்பரஸ் தேங்குகிறது. அதைச் சமன்செய்யும் முயற்சியில் கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகள் அளவின்றிச் சுரக்கின்றன. சுண்ணாம்பும் பாஸ்பரஸும் சேர்ந்து திசுக்களில் படிகின்றன. 1968இல் வெளியான ஓர் அமெரிக்க மருத்துவக் கட்டுரை, எம்மருந்துக்கும் அடங்காத நமைச்சல் உடைய சிறுநீரக நோயாளருக்கு இச்சுரப்பிகளின் பெரும்பகுதியை அறுவையால் நீக்கியதும் நமைச்சல் மறைந்ததை எடுத்துரைத்தது. காரணம் கைக்கு வந்துவிட்டது என்று அன்று பலர் எண்ணினர். பின்னர் வந்த அனுபவம் அதனை முழுமையாக உறுதிப்படுத்தவில்லை. சுரப்பு மிகுந்தும் நமைச்சல் இல்லாதவர் உள்ளனர். சுரப்பு அளவாக இருந்தும் நமைச்சல் உள்ளவர் உள்ளனர். எனினும் பாஸ்பரஸைக் கட்டுக்குள் வைப்பது எலும்புக்கும் இதயத்துக்கும் எப்படியும் இன்றியமையாதது. அதனால் நமைச்சலும் சிலருக்குத் தணியும்.

இங்கே உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பருப்பிலும் பயற்றிலும் பாஸ்பரஸ் உண்டு என்பதால், மரக்கறி உணவே ஆகாது என்று அஞ்சுவோர் உளர். தாவரங்களில் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்னும் வடிவில் பிணைந்திருக்கிறது. அதனைப் பிரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லாமையால் பாதிக்கும் குறைவாகவே உடலில் சேர்கிறது. அடைத்து விற்கும் உணவுகளில் பதம் கெடாமலிருக்கவும் சுவைக்காகவும் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளோ ஏறத்தாழ முழுமையாகவே குருதியில் கலக்கின்றன. கருநிறக் குளிர்பானங்கள், பதப்படுத்திய பாலாடைக்கட்டி, உடனடி உணவு வகைகள் ஆகியவற்றின் உறையில் 338 முதல் 341 வரையும், 450 முதல் 452 வரையும் உள்ள எண்கள் அச்சிடப்பட்டிருந்தால் அவை பாஸ்பேட்டையே குறிக்கும். பொடி எழுத்தில்தான் இருக்கும். மூக்குக் கண்ணாடி வேண்டும். பாலும் தயிரும் பனீரும் பாஸ்பரஸ் மிகுந்தவையே. அவற்றின் அளவை உணவு வல்லுநரிடம் கேட்டு வரையறுத்துக்கொள்ள வேண்டும். பருப்பை அடியோடு நிறுத்துவது கூடாது. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குப் புரதம் மிகுதியாகவே தேவைப்படுகிறது.

பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த மருத்துவர் தரும் மாத்திரையின் செயல் பலருக்கு விளங்குவதில்லை. கால்சியம் அசிட்டேட், செவலமர் முதலிய அம்மாத்திரைகள் குருதிக்குள் சென்று வேலை செய்வனவல்ல. குடலில் உணவோடு கலந்து, அவ்வுணவிலுள்ள பாஸ்பரஸைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறுவன. உணவு இல்லையேல் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நம் இல்லங்களில் இதனால் ஒரு பிழை நேர்கிறது. மருந்துச்சீட்டில் ‘இரவு’ என்று எழுதியிருப்பதைக் கண்டு, ஐந்தரை மணிக்கு உண்டவர் எட்டு மணிக்கு, மற்ற மாத்திரைகளோடு இதனையும் நீரில் விழுங்குகிறார். மாத்திரை உள்ளே போகிறது, பயன் இல்லை. பாஸ்பரஸ் குறையவில்லையே என்று மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். அந்த மாத்திரை கடிகாரத்தைச் சார்ந்ததன்று, இலையைச் சார்ந்தது. நோன்பு நாளில் ஒரு வேளையே உண்பவர், அந்த ஒரு வேளைக்கு எத்தனை மாத்திரை என்பதையும், நோன்பு தம் உடலுக்கு ஏற்றதா என்பதையும் முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது காரணம் உடலின் உள்ளே ஓயாது கனன்றுகொண்டிருக்கும் அழற்சி. சிறுநீரகம் செயலிழந்தோர் உடலில் நோயெதிர்ப்பு அணுக்கள் எப்போதும் சற்றே கிளர்ந்த நிலையில் உள்ளன. அவை சுரக்கும் வேதிப்பொருள்களுள் சில நமைச்சல் நரம்புகளைத் தூண்ட வல்லவை. இதனைப் பற்றிய ஆய்வு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

நான்காவது காரணம் நரம்பு. நீண்ட நாள் நோயால் நரம்பு நுனிகள் பழுதடைகின்றன. பழுதடைந்த நரம்பு, தூண்டுவார் இன்றியே செய்தி அனுப்பத் தொடங்குகிறது. காபாபென்டின் முதலிய நரம்பு மருந்துகள் பலருக்குப் பயன் தருவதே இதற்குச் சான்று.

ஐந்தாவதாகச் சொல்லத்தக்கது இக்காலத்தின் சுவையான கண்டுபிடிப்பு. அபினைப் போன்ற செயலுடைய பொருள்களை மனித உடல் தானே சுரக்கிறது. அவை நரம்பணுக்களில் பொருந்தும் வாயில்கள் பல வகை. மியூ எனப்படும் வாயில் திறந்தால் வலி தணியும். ஆனால் நமைச்சல் எழும். கப்பா எனப்படும் வாயில் திறந்தால் நமைச்சல் அடங்கும். மகப்பேற்று அறுவையின்போது தண்டுவடத்தில் மார்ஃபின் செலுத்தப்பட்ட தாய்மார்கள் சிலர், வலி குறைந்தும் மூக்கும் முகமும் நமைப்பதாகச் சொல்வது மியூ வாயிலின் வேலையே. சிறுநீரக நோயாளரிடம் இவ்விரண்டின் சமநிலை மியூ பக்கம் சாய்ந்துவிடுகிறது என்பது அறிஞர் கருத்து. கருத்தோடு நில்லாமல் மருந்தாகவும் அது கனிந்தது. கப்பா வாயிலைத் திறக்கும் நால்ஃபுராஃபின் என்னும் மருந்தை 2009இல் ஜப்பான் ஏற்றது. மூளைக்குள் பெரிதும் புகாமல் வெளி நரம்புகளிலேயே செயற்படும் டிஃபெலிகெஃபாலின் என்னும் மருந்தை 2021இல் அமெரிக்காவும் 2022இல் ஐரோப்பாவும் ஏற்றன. டயாலிசிஸ் முடியும் வேளையில் அக்குழாயின் வழியே அதனைச் செலுத்துகின்றனர். 2020இல் வெளிவந்த ஆய்வில், 12 வாரங்களில் அம்மருந்தைப் பெற்றோருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நமைச்சல் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. வெறும் நீர்மம் பெற்றோருள் அப்படிக் குறைந்தவர் மூன்றில் ஒரு பங்கினர்க்கும் குறைவு. எல்லார்க்கும் தீர்வு இல்லை. ஆயினும் இந்நமைச்சலுக்கென்றே ஒரு மருந்து பிறந்தது என்பதே இது கற்பனைத் துன்பம் அன்று என்பதற்குப் போதிய சான்று.

இத்தனை காரணங்களில் ஹிஸ்டமின் இடம்பெறாதது சிலர்க்கு வியப்பளிக்கலாம். கொசுக்கடிக்கும் ஒவ்வாமைத் தடிப்புக்கும் காரணமாகிய அப்பொருளுக்கு இந்நமைச்சலில் பங்கு சிறிது. ஆகவேதான் மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் அலர்ஜி மாத்திரைகள் இங்கே பெரிதும் பயன்படுவதில்லை. அவற்றுள் பழைய வகைகள் தூக்கத்தை வரவழைக்கும். தூக்கத்தை நிவாரணம் என்று நோயாளர் எண்ணிவிடுகிறார். முதியவர்க்கு அத்தூக்கம் தள்ளாட்டமாக மாறி, நள்ளிரவில் கழிவறைக்குச் செல்லும்போது விழுந்து எலும்பு முறிவதில் முடியவும் கூடும்.

அன்பினால் உறவினர் சொல்லும் யோசனைகளுள் இரண்டை மறுத்தே ஆக வேண்டும். ‘உடல் சூடுதான், நிறையத் தண்ணீர் குடி’ என்பது ஒன்று. சிறுநீர் வெளியேறாத உடலில் அந்நீர் நுரையீரலில் சேர்ந்து மூச்சை அடைக்கும். ‘இளநீர் குடித்தால் தணியும்’ என்பது மற்றொன்று. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அது இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். நலமுள்ளவர்க்கு அமுதமாகும் ஒன்று இவர்களுக்கு நஞ்சாகிறது.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவையே. வெந்நீரைத் தவிர்த்து வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்தல். உடலை அழுத்தித் தேய்க்காமல் ஒற்றியெடுத்தல். ஈரம் காயுமுன் மணமற்ற களிம்போ தேங்காயெண்ணெயோ தடவுதல், அதையும் நாள்தோறும் இருமுறை தவறாது தடவுதல். கடலைமாவும் கடும் சோப்பும் இருக்கும் சிறிது எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். நகத்தை ஒட்ட வெட்டி, பருத்தி ஆடை அணிந்து, நமைக்கும் இடத்தில் குளிர்ந்த ஈரத்துணியை வைப்பது சொறிவதினும் நன்று. டயாலிசிஸ் நேரத்தைக் குறைத்துக்கொள்ளாமை எல்லாவற்றினும் முதன்மையானது. ‘அரை மணி முன்னதாக எடுத்துவிடுங்கள், பேருந்து போய்விடும்’ என்று வேண்டுவோர், வாரம் 12 மணியில் ஒன்றரை மணியை இழக்கின்றனர். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ்க் கட்டணமின்றி டயாலிசிஸ் பெற வழி உண்டு. செலவுக்கு அஞ்சி முறைகளைக் குறைப்போர் அதனை விசாரித்தறிய வேண்டும்.

இவற்றுக்கும் அடங்காதபோது மருத்துவர் கையில் வேறு வழிகள் உள்ளன. காபாபென்டின் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறும் மருந்து. ஆகவே டயாலிசிஸ் முடிந்தபின் 100 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் தொடங்குவர். நரம்பு வலிக்காகப் பக்கத்து வீட்டார் உட்கொள்ளும் அளவை இவர் உட்கொண்டால் மயக்கமும் மனக்குழப்பமும் நேரும். புற ஊதாக் கதிர்களுள் பி வகையைத் தோலில் பாய்ச்சும் முறை 1977 முதல் அறியப்பட்டது. வாரத்தில் சில நாள் தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதே அதன் சுமை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டு நன்கு இயங்கத் தொடங்கியபின் பெரும்பாலோர்க்கு நமைச்சல் நின்றுவிடுகிறது. இந்தியாவில் மாற்றுச் சிறுநீரக அறுவை முதன்முதலாக வெற்றி கண்டது 1971இல், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில். அந்த வாய்ப்பு அனைவர்க்கும் கிட்டுவதில்லை என்பதும் அறிந்ததே.

ஆனால் எந்த வழியும், சொன்னால்தான் திறக்கும். 2012 முதல் 2015 வரை 17 நாடுகளில் டயாலிசிஸ் செய்துகொள்வோர் 6,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், 100க்கு 37 பேர் நமைச்சலால் மிதமான அளவிலேனும் துன்புறுவதாகக் கூறினர். தம் நிலையத்தில் எத்தனை பேருக்கு நமைச்சல் என்று மருத்துவத் தலைவர்களைக் கேட்டபோது, 100க்கு 69 பேர் உண்மையிலும் குறைவாகவே மதிப்பிட்டனர். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எந்நேரமும் நமைச்சலால் வருந்துவோருள்ளேயே 100க்கு 17 பேர் அதனை எந்த மருத்துவரிடமும் செவிலியரிடமும் சொல்லியதே இல்லை. அதே ஆய்வுக் குழுவினர் 2006இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை இன்னும் கவலை தருவது. நமைச்சலால் மிதமாகவோ மிகுதியாகவோ வருந்துவோரிடையே இறப்பு 17 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அதன் பெரும்பகுதிக்கு உறக்கமின்மையோடு தொடர்பு காணப்பட்டது. நமைச்சல் ஒருவரைக் கொல்வதில்லை. அது பறிக்கும் உறக்கம் உடலைத் தளர்த்துகிறது. உறங்காதவர் உண்பதும் குறைகிறது, மனம் சோர்கிறது, இனி டயாலிசிஸே வேண்டாம் என்னும் சொல் அந்தச் சோர்வில் பிறப்பதும் உண்டு.

சொல்வதற்குக் கூச்சம் தடையாக நிற்கிறது. பெண்கள் உடலின் மறைவான இடங்களில் எழும் நமைச்சலை மகனிடமும் சொல்லார், இளம் மருத்துவரிடமும் சொல்லார். உடன் செல்லும் மருமகளோ மகளோ செவிலியரிடம் தனியே எடுத்துரைக்கலாம். எடுத்துரைக்க எளிய முறை ஒன்றை மருத்துவர்களே வகுத்திருக்கின்றனர். கடந்த 24 மணி நேரத்தில் நமைச்சல் மிகக் கடுமையாக இருந்த வேளையை நினைத்து, அதற்கு 0 முதல் 10 வரை ஓர் எண் தர வேண்டும். நமைச்சலே இல்லையெனில் 0. எண்ணிப்பார்க்க இயலும் மிகக் கொடிய நமைச்சல் 10. 4க்கு மேல் வருமாயின் அது பொறுத்துக்கொள்ளத்தக்க நமைச்சல் அன்று. நாட்காட்டித் தாளில் ஒவ்வொரு காலையும் அந்த எண்ணைக் குறித்து வைத்து, அடுத்த டயாலிசிஸ் நாளில் எடை பார்க்கும்போதே அதனையும் சொல்லிவிடலாம். எடையை எழுதும் தாளிலேயே செவிலியர் அதனையும் எழுதிக்கொள்வார்.